பத்து நிமிடப் பயிற்சி யாருக்கு உரியது?

கருவுற்ற பெண்கள் செய்ய வேண்டிய பயிற்சி ஒன்று உண்டு. அதற்குக் கருவி வேண்டியதில்லை; தனி அறை வேண்டியதில்லை; உடை மாற்ற வேண்டியதில்லை. உட்கார்ந்தும் நின்றும் படுத்தும் செய்யலாம். நாளொன்றுக்கு மொத்தம் பத்து நிமிடம் போதும். அதன் பயனை மருத்துவ அறிவியல் ஏற்றுக்கொண்டு பல ஆண்டுகள் ஆகின்றன. ஆயினும் நம் நாட்டில் அதை முறையாகக் கற்றுக்கொள்பவர்கள் யார்? பெருநகரங்களின் தனியார் மருத்துவமனைகள் ‘பிரசவத் தயாரிப்பு வகுப்பு’ என்று விலை வைத்து விற்பதை வாங்க முடிந்தவர்களே பெரும்பாலும் கற்றுக்கொள்கிறார்கள். தில்லியிலும் பெங்களூருவிலும் அடுக்குமாடிக் கட்டிடங்களுக்குச் செங்கல் சுமக்கும் சித்தாளுக்கோ, தலையில் நெற்கட்டோடு வரப்பில் நடக்கும் விவசாயத் தொழிலாளிக்கோ அதன் பெயர்கூட எட்டுவதில்லை. எந்த உடலுக்கு இது மிகுதியும் தேவையோ, அந்த உடலுக்கே இது கிடைக்கவில்லை.

இடுப்புத் தளத் தசைகளுக்கான பயிற்சியைப் பற்றியே பேசுகிறேன். ஓர் அரசியல் வார இதழில் இதற்கென்ன இடம் என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். மகளிர் இதழ்களின் மருத்துவப் பக்கத்துக்கு உரிய செய்தி என்று கருதவும் கூடும். உழைப்புச் சக்தி மறுஉற்பத்தி செய்யப்படுவது பெண்ணின் உடல் வழியாகத்தான் என்பதை ஏற்றுக்கொண்ட நாம், அந்த உடல் எவ்வாறு தேய்கிறது, அத்தேய்மானத்தை யார் ஈடுசெய்கிறார்கள் என்ற கேள்வியை மருத்துவப் பக்கத்துக்கு ஒதுக்கிவிட முடியாது.

உடலுக்குள் ஒரு தூளி

இடுப்பெலும்பின் அடிப்பகுதியில், முன்புற எலும்பிலிருந்து பின்புற வால் எலும்பு வரை, தூளி கட்டியது போன்று தசைகள் விரிந்திருக்கின்றன. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகிய மூன்றையும் அத்தூளியே கீழிருந்து தாங்குகிறது. சிறுநீரையும் மலத்தையும் காற்றையும் வேண்டும்போது அடக்கவும் வேண்டும்போது விடவும் நமக்கு உதவுவதும் அதுவே. கருவுற்ற மாதங்களில் அதன்மேல் விழும் சுமை நாளுக்கு நாள் கூடுகிறது. குழந்தை பிறக்கும் வேளையில் அத்தசைகளின் ஒரு பகுதி தன் இயல்பான நீளத்தைப் போல் மும்மடங்குக்கும் மேல் இழுபடுகிறது. பெரும்பாலோருக்கு அவை காலப்போக்கில் மீள்கின்றன. சிலருக்கு முழுமையாக மீள்வதில்லை. இருமினாலும் தும்மினாலும் சிரித்தாலும் சிறுநீர் கசிகிறது. இன்னும் சிலருக்கு ஆண்டுகள் செல்லச் செல்லக் கருப்பை தன் இடத்திலிருந்து இறங்குகிறது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு இங்கே ஓர் இடர்ப்பாடு எழும். ‘இடுப்புத் தளத் தசை’ என்ற சொல் பாடநூலுக்கு உரியது. கிராமத்துப் பெண்ணிடம் சொன்னால் விளங்காது. ஆனால் கருப்பை இறக்கத்தை அவள் ‘அடி இறக்கம்’ என்று சொல்வாள். உடலுக்கு ஓர் அடி உண்டு, அது தாங்குகிறது, தாங்க முடியாதபோது இறங்குகிறது என்பதெல்லாம் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் இருக்கின்றன. நேபாளத்துப் பெண்கள் இதே நோயை ‘ஆங் கஸ்னே’ என்பார்கள். உடல் விழுதல் என்பது அதன் பொருள். வலியை அனுபவித்தவர்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரை மருத்துவ அறிக்கைக்குள்ளும் கோரிக்கைப் பட்டியலுக்குள்ளும் கொண்டுவருவதே எஞ்சிய வேலை.

அறிவியல் சொல்வது என்ன?

இப்பயிற்சியை அமெரிக்க மகளிர் மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை பரவலாக அறிமுகப்படுத்தியது. அதனாலேயே ‘கெகல் பயிற்சி’ என்ற பெயரும் வழங்குகிறது. மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, 21 நாடுகளைச் சேர்ந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற 46 ஆய்வுகளைப் பரிசீலித்தது. கசிவு ஏதும் இல்லாத நிலையில், கருவுற்ற தொடக்கக் காலத்திலேயே பயிற்சியை மேற்கொண்ட பெண்களுக்கு இறுதி மாதங்களில் சிறுநீர்க் கசிவு ஏற்படும் வாய்ப்பு 62 சதவீதம் குறைந்தது. பேற்றுக்குப் பிந்தைய 3 முதல் 6 மாதங்களில் அது 29 சதவீதம் குறைவாக இருந்தது. ஏற்கெனவே கசிவு தொடங்கிவிட்டவர்களுக்குக் கருக்காலப் பயிற்சி எவ்வளவு பயன்தரும் என்பதற்கான சான்று அத்துணை வலுவாக இல்லை. எனவே, தொல்லை வரும் முன்பே கற்றுத்தர வேண்டும் என்பதே இதன் பொருள்.

பயிற்சி முறை எளியது. காற்றையும் சிறுநீரையும் ஒருசேர அடக்குவது போல அத்தசைகளை உள்நோக்கியும் மேல்நோக்கியும் இழுக்க வேண்டும். மனத்துக்குள் ஐந்து எண்ணும் வரை நிறுத்தி, பிறகு முழுமையாகத் தளர்த்தி, அதே அளவு நேரம் ஓய்வு தர வேண்டும். பழகப் பழகப் பத்து எண்ணும் வரை நீட்டலாம். இதுபோல் எட்டு முதல் பத்து முறை செய்தபின், உடனே இழுத்து உடனே தளர்த்தும் வேக அசைவுகள் பத்து. காலை, நண்பகல், இரவு என மூன்று வேளை இவ்வாறு செய்யலாம். மூச்சைப் பிடித்துக்கொள்ளலாகாது, வயிற்றையும் தொடையையும் பிட்டத்தையும் இறுக்கலாகாது. இருமும்போதும் தும்மும்போதும், எடை தூக்குவதற்கு முந்தைய நொடியிலும் இத்தசையை இழுத்துக்கொள்ளும் பழக்கம் பெரிதும் உதவும். சிறுநீர் கழிக்கும்போது இடையில் நிறுத்திப் பயிற்சி செய்வது தவறான முறை. கருவுற்ற பிற்பாதி மாதங்களில் மல்லாந்து படுத்துச் செய்வதைத் தவிர்த்து, ஒருக்களித்தோ உட்கார்ந்தோ செய்ய வேண்டும். உதிரப்போக்கோ வலியோ இருப்பவர்களும், குறைமாதப் பேறு குறித்து எச்சரிக்கப்பட்டவர்களும் மருத்துவரைக் கேட்டபின்பே தொடங்க வேண்டும்.

இவ்வளவு எளியதென்றால் ஒரு துண்டறிக்கை அச்சடித்துக் கொடுத்தால் போதாதா? போதாது. அமெரிக்காவில் 1991இல் வெளியான ஓர் ஆய்வில், சுருக்கமான வாய்மொழி அறிவுரை மட்டும் பெற்ற பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேரே சரியாகச் செய்தார்கள். நான்கில் ஒருவர், இழுப்பதற்கு மாறாகக் கீழ்நோக்கி முக்கி, தீங்கு விளைவிக்கக்கூடிய முறையில் செய்தார். கண்ணுக்குத் தெரியாத தசை அது. அருகிருந்து கற்றுத்தரும், சில வாரங்கள் கழித்துச் சரிபார்க்கும் ஒருவர் தேவை. பயிற்சிக்குச் செலவில்லை; பயிற்றுநருக்குச் செலவுண்டு. வர்க்க வேறுபாடு இந்த இடத்தில்தான் நுழைகிறது.

‘அந்தக் காலத்துப் பெண்கள்’ என்ற கற்பனை

இதைச் சொல்லும்போதெல்லாம் ஒரு மறுப்பு எழும். அந்தக் காலத்துப் பெண்கள் அம்மியில் அரைத்தார்கள், உரலில் குத்தினார்கள், குனிந்து நிமிர்ந்து வேலை செய்தார்கள், பயிற்சி எதற்கு என்பார்கள். நடமாட்டமும் மிதமான உழைப்பும் உடலுக்கு நல்லவையே. ஆனால் மிகுசுமை தூக்குவது வேறு. பளு தூக்கும்போது வயிற்றுக்குள் எழும் அழுத்தம் அந்தத் தூளியின் மேல்தான் இறங்குகிறது. பேற்றுக்குச் சில நாட்களிலேயே சுமை தூக்கத் திரும்பும் பெண்ணின் தசை, மீள்வதற்கு முன்பே மீண்டும் இழுபடுகிறது.

அந்தக் காலத்துப் பெண்கள் நலமாக இருந்தார்கள் என்பதற்கு அவர்களின் மௌனமே சான்றாகக் காட்டப்படுகிறது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மருத்துவர்கள் ராணி பங், அபய் பங் ஆகியோர் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து 1989இல் வெளியிட்ட ஆய்வு அந்த மௌனத்தை உடைத்தது. 92 சதவீதப் பெண்களுக்கு ஏதேனும் ஒரு மகளிர் நோய் இருந்தது. அதற்கு முன் அதற்கான பரிசோதனைக்கு உட்பட்டவர்கள் 8 சதவீதம் பேர் மட்டுமே. நோய் இல்லாததால் அவர்கள் பேசாமல் இருக்கவில்லை. கேட்பதற்கு ஆள் இல்லாததால் பேசவில்லை.

கேட்பதற்கு மருத்துவத்துறை இல்லாத இடத்தில் சந்தை வந்து நிற்கும். அதே மாநிலத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களின் கதையை நாடே அறியும். கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே ‘கொய்தா’, அதாவது ஓர் அரிவாள் என்று கணக்கிடப்படுவார்கள். வெட்டிய கட்டுகளைத் தலையில் சுமந்து வண்டியில் ஏற்றுவார்கள். ஒருநாள் வராவிட்டால் தண்டம். மாநில அரசு அமைத்த குழு 2019இல் 82 ஆயிரம் பெண் தொழிலாளர்களிடம் விசாரித்தபோது, 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கருப்பை அகற்றப்பட்டவர்கள் என்பது தெரியவந்தது. வெள்ளைப்படுதல், உதிரப்போக்கு, வயிற்றுவலி என அவர்கள் கொண்டுசென்ற தொல்லைகள் பலவகை. கிடைத்த தீர்வு ஒன்றே: கத்தி. கருப்பையை எடுத்துவிடுவதால் தாங்கும் தசைகள் வலுப்பெற்றுவிடுவதில்லை என்று அவர்களுக்குச் சொன்னவர் எவர்?

அண்டை நாடான நேபாளம் இவ்வகையில் நமக்கொரு பாடம் சொல்கிறது. கருப்பை இறக்கத்தால் அந்நாட்டு மலைக்கிராமப் பெண்கள் பெருமளவில் துன்புறுவது அவர்களின் இனப்பெருக்க உரிமை மீறப்படுவதே என்று நேபாள உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. தடுப்புக்கும் சிகிச்சைக்கும் விழிப்புணர்வுக்கும் அரசு பொறுப்பேற்க வேண்டும் என ஆணையிட்டது. ‘பெண்ணாய்ப் பிறந்தால் வருவதுதான்’ என்று கருதப்பட்ட ஒன்று அரசியல் சட்ட உரிமையாக மாறியது.

தொழிற்சங்கம் நடத்திய பிரசவ விடுதி

பேறுகாலப் பயிற்சி என்பது மேல்தட்டுப் பழக்கம் என்ற எண்ணத்தை வரலாறும் மறுக்கிறது. பிரெஞ்சு மகப்பேறு மருத்துவர் ஃபெர்னான் லாமாஸ் 1951இல் சோவியத் ஒன்றியத்துக்குச் சென்றார். கருவுற்ற பெண்களுக்கு உடலைப் பற்றிய அறிவையும் மூச்சுப் பயிற்சியையும் தசைகளைத் தளர்த்தும் பயிற்சியையும் முன்கூட்டியே கற்றுத்தரும் முறையை அங்கே கண்டார். நாடு திரும்பியதும் பாரீசில் உலோகத் தொழிலாளர் சங்கம் நடத்திய மருத்துவமனையில் அதை நடைமுறைப்படுத்தினார். ஆலைத் தொழிலாளிகளும் தொழிலாளர் குடும்பப் பெண்களும் அங்கே அதைக் கற்றார்கள். பின்னர் அமெரிக்கப் பெண் ஒருவர் பாரீசில் அம்முறையில் குழந்தை பெற்று, 1959இல் எழுதிய நூலின் வழியாக அது அமெரிக்காவுக்குச் சென்றது. நடுத்தர வர்க்கத்தின் கட்டண வகுப்பாக மாறி, இன்று ‘லமாஸ்’ என்ற வணிகப் பெயருடன் நம் நகரங்களில் வந்து இறங்கியிருக்கிறது.

அது இடுப்புத் தளப் பயிற்சியே அன்று. ‘வலியில்லாப் பிரசவம்’ என்ற அதன் வாக்குறுதி மிகையானது என்ற விமர்சனமும் நியாயமானதே. ஆயினும் கருவுற்ற பெண்ணுக்குத் தன் உடலைக் கற்பிக்கும் வேலையைத் தொழிற்சங்கம் தன் வேலையாக ஏற்றுக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. நம் இயக்கம் ஊன்றிய செடியின் கனியைச் சந்தை பறித்து நமக்கே விலை சொல்கிறது.

பத்து நிமிடமும் பத்து மாதமும்

இதைப் பேசும்போது ஒரு வழுக்கலைத் தவிர்க்க வேண்டும். ‘உன் உடலுக்கு நீயே பொறுப்பு, பயிற்சி செய்யாததால் வந்தது’ என்று பெண்ணின்மேல் பழியைச் சுமத்துவது தாராளமயக் காலத்தின் குரல். மூன்று வேளை பயிற்சி செய்துவிட்டு நாள் முழுதும் செங்கல் சுமக்கும் பெண்ணை அப்பயிற்சி மட்டும் காப்பாற்றிவிடாது. கருவுற்ற காலத்தில் கடும் உழைப்பிலிருந்து விலக்கும், பேற்றுக்குப் பின் ஊதியத்துடன் ஓய்வும் இருந்தால்தான் அது பலன் தரும்.

இது புதிய கருத்தன்று. பம்பாய் சட்டமன்றத்தில் 1928இல் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்துப் பேசிய அண்ணல் அம்பேத்கர், பேற்றுக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் சார்ந்தது என்று வாதிட்டார். 1929இல் சட்டம் வந்தது. 1961ஆம் ஆண்டின் அனைத்திந்திய மகப்பேறு உதவிச் சட்டம், கருவுற்ற தொழிலாளி கேட்டுக்கொண்டால் கடினமான வேலையையும் நெடுநேரம் நிற்கும் வேலையையும் தரக்கூடாது என்று கூறியது. ஆனால் அந்தப் பாதுகாப்பு, பேற்றுக்கு முந்தைய ஆறு வாரங்களுக்கும் அதற்கு முன்னுள்ள ஒரு மாதத்துக்கும் மட்டுமே பொருந்தும். 2017இல் விடுப்பு 26 வாரமாக உயர்த்தப்பட்டது. எனினும் பத்துப் பேருக்குக் குறைவானோர் பணிபுரியும் கடைகளும் நிறுவனங்களும் அதன் எல்லைக்கு வெளியே நின்றன. அச்சட்டத்தை உள்வாங்கிய 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அந்த எல்லையை அகற்றவில்லை. வீட்டு வேலை செய்பவரும் விவசாயக் கூலியும் அன்று போலவே இன்றும் வெளியே நிற்கிறார்கள்.

அவர்களுக்கென்று இருப்பது உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வாக்குறுதி. அரசுப் பணியில் இல்லாத ஒவ்வொரு கருவுற்ற பெண்ணுக்கும் குறைந்தது 6,000 ரூபாய் என்று 2013இல் அச்சட்டம் சொன்னது. ஒன்றிய அரசின் மாத்ரு வந்தனா திட்டம் அதை முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய் என்று சுருக்கியது. இரண்டாவது பேற்றுக்கு, அது பெண் குழந்தையாக இருந்தால் மட்டும் 6,000 ரூபாய். ஆண் குழந்தையைச் சுமந்த உடலுக்கு ஓய்வு தேவையில்லையா என்ற கேள்விக்கு ஆட்சியாளர்களிடம் விடையில்லை.

நாம் முன்வைக்க வேண்டியவை

நாட்டில் தாய் இறப்பு விகிதம் குறைந்துவருகிறது. ஒரு லட்சம் பிறப்புக்கு 130 என்று 2014-16இல் இருந்தது, 2018-20இல் 97 ஆனது. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 88.6 சதவீதப் பேறுகள் மருத்துவமனைகளில் நிகழ்கின்றன. இது நற்செய்தியே. ஆனால் உயிர் பிழைத்த தாயின் உடல் எந்நிலையில் வீடு திரும்புகிறது என்பது நம் அறிக்கைகளிலும் தீர்மானங்களிலும் இடம்பெறுவதில்லை. கட்சி ஆவணங்களை மொழிபெயர்க்கும்போது ‘தாய்-சேய் நலம்’ என்ற தொடரை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அத்தொடரில் சேய் வளர்கிறது. தாயோ பேற்றுடன் மறைந்துவிடுகிறாள்.

முதலாவதாக, இப்பயிற்சி அரசு மருத்துவத்துறையின் கருக்காலக் கவனிப்பில் கட்டாயப் பகுதியாக வேண்டும். மாதந்தோறும் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கருவுற்றோருக்கான சிறப்புப் பரிசோதனை நடைபெறுகிறது. கிராமங்களில் சுகாதார, ஊட்டச்சத்து நாள் நடைபெறுகிறது. இவ்விரண்டிலும் பயிற்சியை நேரில் கற்றுத்தரலாம். தாய் சேய் பாதுகாப்பு அட்டையில் தடுப்பூசிக்குக் கட்டம் இருப்பது போல, சிறுநீர்க் கசிவு உண்டா என்று கேட்பதற்கும் ஒரு கட்டம் இருக்க வேண்டும். கேட்டால்தான் பெண் சொல்வாள்.

இரண்டாவதாக, சமுதாய சுகாதார நிலையங்கள் தோறும் பெண் இயன்முறை மருத்துவர் பணியிடம் வேண்டும். பிரான்சில் பேற்றுக்குப் பிந்தைய இடுப்புத் தளப் பயிற்சிக்கான செலவைப் பொது மருத்துவக் காப்பீடு ஏற்றுக்கொள்கிறது. இங்கே இயன்முறை மருத்துவம் படித்துவிட்டு வேலையின்றி இருக்கும் இளம்பெண்கள் ஒருபுறம். அவர்களின் உதவி கிட்டாத தாய்மார்கள் மறுபுறம்.

மூன்றாவதாக, இந்த வேலையை ஆஷா ஊழியரின் தலையில் இலவசச் சுமையாக ஏற்றக்கூடாது. அவரையும் அங்கன்வாடி ஊழியரையும் தொழிலாளர்களாக அங்கீகரித்துக் குறைந்தபட்ச ஊதியமும் ஓய்வூதியமும் தர வேண்டும் என்று 2013இல் இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. அது இன்னும் ஏட்டளவிலேயே இருக்கிறது. அவர்களுக்கு முறையான பயிற்சி, உரிய ஊதியம், பிறகே கூடுதல் பணி.

நான்காவதாக, கருவுற்ற காலம் முழுமைக்கும் கடும் சுமை தூக்கும் வேலையிலிருந்து ஊதிய இழப்பின்றி விலக்கு. எல்லாப் பெண்களுக்கும், எல்லாப் பேறுகளுக்கும், இழந்த கூலிக்கு ஈடான மகப்பேறு உதவி. இவற்றைக் கட்டுமானத் தொழிலாளர் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் மாதர் அமைப்பிடம் விட்டுவிடாமல் தம் கோரிக்கைப் பட்டியலின் முதல் வரிசையில் வைக்க வேண்டும்.

அரசிடம் கேட்பதோடு நம் வேலை முடிந்துவிடாது. கிளைக் கூட்டங்களில் பேசுவதற்கு இது நாணத்தக்க செய்தியல்ல. சிறுநீர் கசிவதால் நெடுந்தொலைவுப் பயணத்தையும் நாள் முழுவதும் நீளும் மாநாட்டையும் தவிர்க்கும் பெண் தோழர்கள் நம்மிடையேயும் இருக்கக்கூடும். வராததற்கு வேறு காரணம் சொல்லிவிட்டு வீட்டில் இருப்பார்கள். அவர்களுக்குத் தெரியட்டும்: இது முதுமையின் விதியும் அன்று, தாய்மையின் விலையும் அன்று; பெரும்பாலும் சீராக்கக்கூடிய ஒன்று. ஆண் தோழர்களுக்கும் ஒரு பங்குண்டு. கருவுற்ற மனைவியின் இடுப்பில் இருக்கும் தண்ணீர்க் குடத்தைத் தம் தோளுக்கு மாற்றிக்கொள்ள எந்தச் சட்டத்திருத்தமும் தேவையில்லை.

மாநாட்டுத் தீர்மானங்களின் வரைவு எழுதும் தோழர்கள் அடுத்த முறை ‘தாய்-சேய் நலம்’ என்று எழுதும்போது, அதன்கீழ் இரண்டு வரிகள் சேர்க்கட்டும்: இடுப்புத் தளப் பயிற்சி அனைவருக்கும், அரசுச் செலவில், சுமையிலிருந்து விலக்கு, ஊதியத்தோடு. தமிழில் அதனைப் பெயர்ப்பதில் எந்த இடர்ப்பாடும் இராது. நம் பெண்கள் அதற்கான சொல்லை நெடுங்காலமாகவே வைத்திருக்கிறார்கள்.